ஆலைக்கு ஆகும் செலவும் ஊருக்கு ஆகும் செலவும்

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய உமிழ்வு வரம்புகளை அறிவித்தது. புகையில் வரும் தூசு, சல்பர் டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடுகள், பாதரசம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதித்து, இரண்டு ஆண்டுகளில் நிறைவேற்றச் சொன்னது. கெடு வந்தது, நீட்டிக்கப்பட்டது, மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்கள் சல்பர் டை ஆக்ஸைடைப் பிடிக்கும் கருவியைப் பொருத்தவே வேண்டாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. இந்தப் பத்தாண்டு இழுபறியில் ஓயாமல் ஒலித்த வாதம், ‘செலவு தாங்காது’ என்பது.

வடசென்னைப் பக்கம் அனல்மின் நிலையங்களின் புகைக்கு அருகே, எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் மணலியிலும் வாழும் மக்களின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் இது. எனவே அந்தச் ‘செலவு’ என்ன, அதை யார் எப்படிக் கணக்கிடுகிறார்கள், கணக்கில் எது அகப்படுகிறது, எது நழுவிப்போகிறது என்று சாதாரண வாசகரும் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். பொருளியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், கண்ணுக்குத் தெரிகிற செலவு. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்தால் சல்பர் டை ஆக்ஸைடு உண்டாகிறது. அதைப் பிடிக்க, புகைபோக்கிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கோபுரம் கட்டி, சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையின்மேல் தெளிக்கிறார்கள். வாயு கரைசலோடு வினைபுரிந்து ஜிப்சமாக மாறுகிறது. கோபுரம் கட்டக் கடன் வாங்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லை ரயிலிலோ லாரியிலோ கொண்டுவர வேண்டும். பம்புகளையும் விசிறிகளையும் ஓட்ட நிலையம் தன் மின்சாரத்திலேயே ஒரு பங்கைச் செலவிட வேண்டும். ஜிப்சத்தை விற்றால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் ஒரு பொறியாளர் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார். விதிக்கு இணங்க நிறுவனம் செய்யும் இந்தச் செலவுக்கு ‘இணக்கச் செலவு’ என்று பெயர். செய்திகளில் வரும் கோடிகள் பெரும்பாலும் இந்தத் தொகைதான்.

ஆனால் மின் நிலையம் கொடுத்த பணம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது விலைகளின் வழியே ஊருக்குள் நடக்கத் தொடங்குகிறது. சமூகம் முழுவதற்கும் ஆகும் செலவு பொறியாளரின் தொகையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது எண்ணைத் தேடுவதுதான் பொருளாதாரம் தழுவிய மாதிரிகளின், அதாவது பொருளாதாரம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிப் பார்க்கும் கணக்குகளின், வேலை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களுக்கு இரும்பு வார்ப்பு செய்யும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் உலை. ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகைக் கட்டுப்பாட்டால் யூனிட்டுக்கு 25 பைசா கூடுகிறது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 150 ரூபாய் கூடுதல். வார்ப்பின் விலை டன்னுக்கு ஒரு லட்சம் என்றால் இது 0.15 சதவீதம். கேட்பதற்கு அற்பத் தொகை. ஆனால் அந்தப் பட்டறை தன் விலையைத் தானே நிர்ணயிப்பதில்லை. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள பெரிய வாங்குபவர் ஆண்டு ஒப்பந்தத்தில் விலையைப் பேசி முடித்திருப்பார். ஏற்றித் தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் 150 ரூபாயும் பட்டறைக்காரரின் லாபத்திலிருந்தோ தொழிலாளியின் ஓவர்டைம் படியிலிருந்தோதான் போகும். ஏற்றித் தந்தால் வண்டி விலையில் ஒரு துளி சேரும். அந்த வண்டியை வாங்கும் போக்குவரத்து நிறுவனத்தின் வாடகையில் இன்னொரு துளி. அந்த லாரியில்தான் மின் நிலையத்துக்குச் சுண்ணாம்புக்கல்லும் வருகிறது என்றால், செலவு சுற்றிவந்து மறுபடி மின் நிலையத்தின் வாசலிலேயே நிற்கிறது.

இந்தச் சுற்றைக் கையால் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாது. இதற்கு முதலில் ஒழுங்கான வழி காட்டியவர் வசிலி லியோன்டிஃப் என்ற பொருளியலாளர். எந்தத் துறை எந்தத் துறையிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று பெரிய கட்டம் போட்டு எழுதினார். இதுவே உள்ளீடு–வெளியீடு அட்டவணை. 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். மின்சாரம் ஒரு ரூபாய் ஏறினால் வார்ப்பு, வண்டி, வாடகை எல்லாம் எவ்வளவு ஏறும் என்பதை, எத்தனை சுற்றுகள் இருந்தாலும், ஒரே கணக்கில் இதிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆனால் லியோன்டிஃபின் அட்டவணையில் மனிதர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வதே இல்லை. டன்னுக்கு 600 யூனிட் என்றால், மின்சாரம் என்ன விலை விற்றாலும் 600 யூனிட்தான். நிஜத்தில் பட்டறைக்காரர் உலையின் மூடியைச் சரிசெய்வார், பழைய மோட்டாரை மாற்றுவார், கூரையில் சூரியத் தகடு போடலாமா என்று விசாரிப்பார். வாங்குபவரும் வேறு ஊரைத் தேடுவார். இந்த மாற்றங்களையும் விலைகளோடு சேர்த்துத் தீர்ப்பதுதான் ‘பொதுச் சமநிலை மாதிரி’. 1960இல் நார்வேயின் பொருளாதாரத்துக்காக லைஃப் யோஹான்சன் உருவாக்கியதை இவ்வகையில் முதலாவது என்பார்கள். இன்று கணினியில் சில நிமிடங்களில் ஓடும் கணக்கு இது.

மாதிரியின் அடித்தளம், சமூகக் கணக்கு அணி என்ற ஒரு பெரிய அட்டவணை. ஆலைகள், குடும்பங்கள், அரசு, வெளிநாடு என ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, ஒரு நெடுவரிசை. வரிசையில் வரவு, நெடுவரிசையில் செலவு. வீட்டுக் கணக்கு நோட்டைப் போலத்தான். ஊரில் உள்ள எல்லா வீட்டு நோட்டுகளையும் சேர்த்துத் தைத்தது போல, ஒருவரின் செலவு தவறாமல் இன்னொருவரின் வரவாக எழுதப்பட்டிருக்கும். எந்தப் பணமும் வானத்திலிருந்து வருவதில்லை, காற்றில் கரைவதும் இல்லை. இந்த ஒழுங்குதான் இம்மாதிரிகளின் உண்மையான பலம். ‘இந்த விதியால் எல்லாருக்கும் நஷ்டம்’ என்றோ ‘எல்லாருக்கும் லாபம்’ என்றோ போகிற போக்கில் சொல்ல இந்த அட்டவணை விடாது. கருவி செய்து விற்பவருக்கும் சுண்ணாம்புக்கல் வெட்டுபவருக்கும் வரும் வரவையும் எழுதியே தீர வேண்டும். அந்த இரும்பும் உழைப்பும் வேறு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

அட்டவணையின் மேல் நடத்தை விதிகள் ஏறுகின்றன. விலை ஒரு சதவீதம் ஏறினால் மக்கள் எவ்வளவு குறைத்து வாங்குவார்கள்? மின்சாரத்துக்குப் பதில் டீசலையோ இயந்திரத்தையோ எவ்வளவு எளிதில் பயன்படுத்த முடியும்? இவற்றைக் குறிக்கும் எண்களுக்கு நெகிழ்ச்சிகள் என்று பெயர். பிறகு மாதிரியை இரண்டு முறை ஓட்டுகிறார்கள்: விதி இல்லாத உலகம் ஒன்று, விதி உள்ள உலகம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் விடை. அந்த இடைவெளியை அளக்க மொத்த உள்நாட்டு உற்பத்தி நல்ல அளவுகோல் அல்ல. கோபுரம் கட்டும் செலவும் அதில் வரவுதான். மூச்சுத்திணறலுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் ஆகும் செலவும் அதில் வரவுதான். ஆகவே பொருளியலாளர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: விதியைப் போடாமல், அதற்குப் பதில் ஒரு குடும்பத்திடமிருந்து எவ்வளவு பணத்தை எடுத்துக்கொண்டால், விலையேற்றத்தால் வரும் அதே அளவு கஷ்டம் அந்தக் குடும்பத்துக்கு வரும்? எல்லாக் குடும்பங்களுக்கும் இத்தொகையைக் கூட்டினால் கிடைப்பதே சமூகச் செலவு.

இப்படிச் செய்தபோது கிடைத்த விடைகள் பலரை வியக்கவைத்தன. 1990இல் மைக்கேல் ஹசில்லா, ரேமண்ட் காப் ஆகிய இருவர் அமெரிக்காவின் காற்று, நீர்ச் சட்டங்களை இவ்வாறு ஆராய்ந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் சமூகச் செலவு இணக்கச் செலவைவிடக் குறைவாக இருந்தது. மக்கள் விலையேறிய பொருளைக் குறைத்துக்கொண்டு சமாளித்தார்கள். ஆண்டுகள் போகப்போக நிலை தலைகீழானது. சேமிப்பும் முதலீடும் குறைந்ததால் விளைவு சேர்ந்து சேர்ந்து, சமூகச் செலவு இணக்கச் செலவைத் தாண்டியது. அதே ஆண்டில் டேல் ஜார்கன்சனும் பீட்டர் வில்காக்ஸனும் வெளியிட்ட ஆய்வின்படி, 1973 முதல் 1985 வரை சுற்றுச்சூழல் விதிகள் அமெரிக்காவின் ஆண்டு வளர்ச்சியைச் சுமார் 0.19 சதவீதப் புள்ளி குறைத்தன. சிறிய எண்தான், ஆனால் ஆண்டுதோறும் சேரும் எண்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. அவை செலவை மட்டுமே அளந்தன. சுத்தமான காற்றால் வந்த நன்மை அந்த மாதிரிகளுக்குள் எங்கும் இல்லை. அது ஆய்வாளர்களின் குற்றம் அல்ல. செலவை அளப்பதே தங்கள் வேலை என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த எண்ணைத் தனியே பிய்த்தெடுத்து, ‘சுற்றுச்சூழல் விதி வளர்ச்சியைக் கெடுக்கிறது’ என்று மேடையில் சொல்வது நேர்மையான செயல் ஆகாது.

நன்மையை மாதிரிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் தன் தூய காற்றுச் சட்டத்தைப் பற்றி வெளியிட்ட மதிப்பீடு இதைச் செய்து பார்த்தது. 2020ஆம் ஆண்டுக்கு அதில் கணித்த நேரடிச் செலவு சுமார் 65 பில்லியன் டாலர். நன்மை சுமார் 2 டிரில்லியன் டாலர். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சோதனை. செலவை மட்டும் போட்டு மாதிரியை ஓட்டியபோது பொருளாதாரம் சற்றுச் சுருங்கியது. நோய் குறைந்து தொழிலாளர்கள் வேலைக்கு வரும் நாட்கள் கூடுவதையும் மருத்துவச் செலவு மிச்சமாவதையும் சேர்த்து ஓட்டியபோது, 2020 வாக்கில் விளைவு சிறிதளவு ஆதாயமாக மாறியது. அதே மாதிரி, அதே சட்டம். உள்ளே எதை அனுமதித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதன் பிறகு, 2017இல் அந்த முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு, இத்தகைய மாதிரிகளை எங்கே, எப்படிப் பயன்படுத்தலாம் என்று விரிவான அறிக்கையே தந்தது. முகமை ‘சேஜ்’ என்ற தன் சொந்த மாதிரியையும் உருவாக்கிக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டு மாதிரியை அப்படியே கொண்டுவந்து சென்னையில் வைத்தால் முதலில் இடறுவது மின்கட்டணத்தில். பாடப்புத்தக மாதிரியில் உற்பத்திச் செலவு ஏறினால் விலை ஏறும், எல்லாரும் கூடுதலாகக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். வீடுகளுக்கும் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். தொழிற்சாலைகளும் கடைகளும் கூடுதல் விலை கொடுத்து மற்றவர்களின் சலுகையைத் தாங்குகின்றன. மீதியை அரசு மானியமாகத் தருகிறது. அப்படியானால் 25 பைசாவை யார் கொடுப்பார்? பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயி அல்ல. ஒன்று, அம்பத்தூர் பட்டறைக்கு 25 பைசாவுக்கு மேலேயே ஏறும். அல்லது அரசின் மானியச் செலவு ஏறி, அந்தப் பணம் வேறொரு திட்டத்திலிருந்து போகும். அல்லது மின்வாரியத்தின் கடனில் சேர்ந்து வட்டியோடு பிற்காலத்தில் வரும். மூன்றுக்கும் மூன்று விதமான விடை. மாதிரியில் இவற்றில் எதை எழுதினார்கள் என்று பார்க்காமல் முடிவை நம்புவது சரியல்ல.

வரியிலும் இதே கதை. ஏற்கெனவே வரியால் அழுத்தப்பட்டிருக்கும் சந்தையில் புதிய விதி விலையை ஏற்றினால், பழைய வரியின் கெடுதியும் சேர்ந்து வளரும் என்று 1990களில் லாரன்ஸ் கூல்டர், இயன் பாரி போன்ற பொருளியலாளர்கள் காட்டினார்கள். அவர்கள் பெரிதும் பேசியது சம்பளத்தின் மேல் உள்ள வருமான வரியை. நம் நாட்டில் வருமான வரி கட்டுபவர்களே சிலர்; இங்கே தேட வேண்டிய இடம் சரக்கு, சேவை வரியும் மேலே சொன்ன மின்கட்டண ஏற்றத்தாழ்வும்.

வேலைவாய்ப்பு இன்னும் சங்கடமான இடம். பெரும்பாலான பொதுச் சமநிலை மாதிரிகளில் வேலையில்லாத் திண்டாட்டமே கிடையாது. ஒரு துறையில் ஆள் குறைந்தால், கூலி கொஞ்சம் இறங்கி, வேறு துறை உடனே அவர்களை எடுத்துக்கொள்ளும். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளில் ஆயுள் முழுக்கத் தோல் சீவி வேலை பார்த்த ஒருவரை, மறுநாளே சோழிங்கநல்லூர் மென்பொருள் நிறுவனத்தில் உட்காரவைக்கிற கணக்கு அது. மறுபக்கம், விதியை எதிர்ப்பவர்கள் தூக்கிவரும் ‘இத்தனை ஆயிரம் வேலை போகும்’ என்ற எண் பெரும்பாலும் லியோன்டிஃப் வகை அட்டவணையிலிருந்து வருவது. அதில் வேலை இழந்தவர் காலம் முழுக்கச் சும்மாவே இருப்பார். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுவில் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தவிக்கும் குடும்பங்களின் கஷ்டத்தை இரண்டு முறைகளுமே சரியாக அளப்பதில்லை.

தோல் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் செலவுக் கணிப்பு எங்கே தவறும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பாடம் இல்லை. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சிறு ஆலைகளுக்கு வசதி கிடையாது; ஆலை ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் செலவு தாங்காது என்றுதான் விடை வரும். பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தபோது அந்தக் கணக்கே மாறிப்போனது. கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர் யு. சங்கர் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்தை ஜெர்மனி தடை செய்திருந்தது. ஏற்றுமதி படுத்துவிடும் என்ற அச்சம் பரவியது. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளில் கைகொடுத்தது, வேறு ரசாயனங்கள் வந்தன, தொழில் நிற்கவில்லை. குரோமியக் கழிவுநீரிலிருந்து குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையும் இப்படித்தான் பரவியது. இன்றைய தொழில்நுட்பத்தை அப்படியே உறையவைத்துவிட்டு ஓட்டும் மாதிரிக்கு இவை எதுவும் தெரியாது. விதியே புதுமையைத் தூண்டிச் செலவை ஈடுகட்டிவிடும் என்று அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991இல் வாதிட்டார். எப்போதும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைத்த பிறகு மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. அதற்கு ஆகும் மின்சாரமும் விறகும் நிஜமான செலவுதான்.

எல்லா விதிக்கும் இந்தப் பெரிய மாதிரி தேவையும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. திருவல்லிக்கேணியில் இட்லி விற்பவருக்கு இதனால் என்ன செலவு ஆனது? சாம்பாரை எதில் கட்டித் தருவது என்பதுதான் அவரது பிரச்சினை. வாழையிலையும் காகிதமும் இட்லிக்குப் போதும்; சாம்பாருக்கு வாடிக்கையாளர் தூக்குவாளி கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் கூடுதல் விலையில் வேறு டப்பா. நாட்டளவு அட்டவணையில், முன்பு சாம்பார் கட்டித் தந்த பிளாஸ்டிக் கவர் ‘பிளாஸ்டிக் பொருள்கள்’ என்ற பெரிய துறைக்குள் நாற்காலியோடும் குழாயோடும் சேர்ந்து கிடக்கும். வாழையிலை விவசாயத்துக்குள் எங்கோ இருக்கும். அங்கே மாதிரியை ஓட்டுவது வீண். தெருவில் இறங்கி விசாரிப்பதே சரியான முறை. மின்சாரம், எரிபொருள், சிமெண்ட் போல எல்லாத் துறைகளுக்குள்ளும் நுழைகிற பொருளின் மேல் கைவைக்கும்போதுதான் பொருளாதாரம் முழுவதையும் மாதிரியாக்குவதில் பொருள் இருக்கிறது.

அப்போதும் அட்டவணை நாட்டுக்கானது, சென்னைக்கானது அல்ல. மின்சாரம் பொதுவாக ஒரே துறையாகவே அதில் வரும். அனல், காற்றாலை, சூரியசக்தி என்று பிரிப்பது மாதிரி செய்பவரின் பொறுப்பு. செலவு நாடு முழுக்கப் பரவி ஆளுக்குச் சில ரூபாயாக மெலிந்துவிடுகிறது. நன்மையில் பெரும்பகுதி காற்று வீசும் திசையில், புகைபோக்கிக்கு அருகில் உள்ள சில பகுதிகளில் குவிகிறது. சல்பர் டை ஆக்ஸைடு காற்றில் நுண்துகளாக மாறி வெகுதூரம் போகவும் செய்யும் என்பதால், நன்மையின் மற்றொரு பகுதி எங்கோ உள்ள இன்னொரு ஊருக்குச் சேர்கிறது. ஒரே ஒரு ‘சராசரிக் குடும்பம்’ மட்டும் உள்ள மாதிரியில் கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கும் குடும்பமும் போயஸ் தோட்டத்துக் குடும்பமும் ஒன்றே. குடும்பங்களை வருமான வாரியாகவாவது பிரித்திருக்கிறார்களா என்பது அறிக்கையைத் திறந்ததும் நான் தேடும் முதல் பக்கம். அடுத்து நெகிழ்ச்சி எண்கள் எந்த நாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பார்ப்பேன். அந்த எண்களைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிக் காட்டியிருந்தால், அந்த ஆய்வாளர்மேல் எனக்கு மரியாதை கூடும்.

மின்கட்டண மனுக்கள் வரும்போது ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுத்து மூலமாகவும் அனுப்பலாம், கூட்டத்துக்கு நேரிலும் போகலாம். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான செலவு கட்டணத்துக்குள் வருகிறதென்றால், அந்த மனுவின் பக்கங்களில் அது ஒரு தொகையாக நிற்கும். அது இணக்கச் செலவா சமூகச் செலவா, யார் தலையில் எவ்வளவு விழுகிறது, மறுபக்கத்தில் எண்ணூர்க் குழந்தைகளின் நுரையீரலுக்கு என்ன மதிப்பு போட்டார்கள் என்று அங்கே எழுந்து கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை.